தம்போபாத்தா காட்டில் குளிர்: ஆறு நாள் வனப்பயணம் ஒன்றின் நிகழ்வு ஆய்வு

பெருவின் தென்கிழக்கு மூலையில், தம்போபாத்தா ஆற்றங்கரையில், ஒரு ஜூலை மாதம் நடந்தது இது. ஆறு நாள் வனப்பயணத்தின் மூன்றாம் நாள் காலையில் 67 வயதுப் பெண் ஒருவருக்கு உடல்வெப்பம் ஆபத்தான அளவுக்கு இறங்கியது. அன்று மாலைக்குள் அவர் தேறிவிட்டார். குழுவில் நானும் இருந்தேன். என் குறிப்பேட்டையும் பிறகு வழிகாட்டியோடு பேசியதையும் வைத்து இதை எழுதுகிறேன். அந்த அம்மாவும் அவருடைய கணவரும் சம்மதித்திருக்கிறார்கள். பெயர்களை விட்டுவிட்டேன்; விடுதி, பயண நிறுவனம் ஆகியவற்றின் பெயரும் இல்லை.

யாருக்கும் பெரிய கேடு நேராத ஒன்றை எதற்கு இவ்வளவு விரிவாக எழுத வேண்டும்? அமேசானுக்குக் கிளம்புகிறவர்கள் குளிரைப் பற்றி யோசிப்பதே இல்லை. "இன்று போக வேண்டாம்" என்று சொல்லும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது என்பதையும் முன்கூட்டிப் பேசி வைப்பதில்லை. இரண்டும் ஒரே காலையில் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதை அருகிலிருந்து பார்த்தேன்.

பின்னணி

தம்போபாத்தா தேசியக் காப்பகம் 2000-இல் அறிவிக்கப்பட்டது. சுமார் 2,74,690 ஹெக்டேர். அதன் தெற்கே பாஹுவாஹா-சொனேனே தேசியப் பூங்கா, எல்லை தாண்டினால் பொலிவியாவின் மதீதி. காட்டுக்கு வாசல் புவேர்த்தோ மால்தொனாதோ என்ற ஊர். அங்கேதான் தம்போபாத்தா ஆறு மாத்ரே தே தியோஸ் ஆற்றில் கலக்கிறது. லீமாவிலிருந்தோ குஸ்கோவிலிருந்தோ விமானத்தில் வந்து, எசே எஹா பழங்குடியினரின் இன்ஃபியெர்னோ சமூக நிலத்தில் இருக்கும் படகுத்துறை வரை வண்டியில் போய், பிறகு மோட்டார் படகில் ஆற்றை எதிர்த்து மேலே ஏற வேண்டும்.

எங்கள் குழுவில் எட்டுப் பேர். ஐந்து பேர் தமிழ்நாட்டிலிருந்து வந்த பறவை ஆர்வலர்கள். மற்ற மூவர் அதே நிறுவனத்தில் தனித்தனியாகப் பதிவு செய்து வந்த ஐரோப்பியர்கள். வழிகாட்டி அந்தப் பகுதியிலேயே பிறந்து வளர்ந்தவர். அவரோடு ஒரு படகோட்டி, படகின் முன்முனையில் நின்று கோலால் ஆழம் பார்க்கும் உதவியாளர் ஒருவர். ஜூலையில் ஆற்றில் நீர் குறைவு. மணல்திட்டுகளும் மூழ்கிக் கிடக்கும் மரங்களும் அதிகம் என்பதால் அந்த உதவியாளர் இல்லாமல் படகு நகராது.

எல்லோரும் வந்ததன் முதன்மைக் காரணம் கொல்பா. ஆறு அரித்துச் செங்குத்தாக நிற்கும் களிமண் கரையை அங்கே அப்படிச் சொல்கிறார்கள். மக்காவ் எனப்படும் பெரிய பஞ்சவர்ணக்கிளிகளும் சிறு கிளிகளும் அந்த மண்ணைத் தின்ன வரும். கடலிலிருந்து வெகு தொலைவில் இருக்கும் மேற்கு அமேசானில் உப்புச்சத்து அரிது, அதற்காகவே அவை மண்ணைத் தேடுகின்றன என்பது ஒரு விளக்கம். பழுக்காத காய்களிலும் விதைகளிலும் உள்ள நஞ்சைக் களிமண் பிடித்துவைத்துக்கொள்கிறது என்பது இன்னொன்று. நாங்கள் போகவிருந்தது சுஞ்சோ கொல்பா. விடுதியிலிருந்து படகில் இரண்டு மணி நேரத்துக்கும் மேல். வழியில் மலினோவ்ஸ்கி சோதனைச் சாவடியில் இறங்கிப் பதிவேட்டில் கையெழுத்திட வேண்டும்.

தயாரிப்பில் யாரும் அலட்சியமாக இருக்கவில்லை. எங்களில் சிலர் சென்னை கிண்டியில் உள்ள கிங் நிலையத்தில் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி போட்டுக்கொண்டு வந்திருந்தார்கள். பெருவிலிருந்து இந்தியா திரும்பும்போது அந்தச் சான்றிதழைக் கேட்பார்கள். ஊசி போட்டுப் பத்து நாள் கழித்துத்தான் அது செல்லும். கொசு மருந்து, முழுக்கைச் சட்டை, பாம்புக்குப் பயந்து முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ் என்று எல்லாம் இருந்தது. நிறுவனம் அனுப்பிய பட்டியலில் 'மெல்லிய பருத்தி உடைகள் போதும்' என்று எழுதியிருந்தது.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். எட்டுப் பேரில் ஆறு பேர் குஸ்கோவிலிருந்து வந்தவர்கள். குஸ்கோ 3,400 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே போட்டுக்கொள்ள ஸ்வெட்டர், கம்பளித் தொப்பி எல்லாம் வைத்திருந்தார்கள். படகில் சுமை குறைவாக இருக்க வேண்டும் என்று நிறுவனம் சொன்னதால் அவற்றை ஓட்டலிலேயே பெட்டியில் வைத்துவிட்டு வந்தார்கள். அந்த ஆறு பேரில் கம்பளி இல்லாதவர்கள் என்று யாரும் இல்லை. ஆனால் தேவைப்பட்ட இடத்தில் அது இல்லை.

முதல் இரண்டு நாட்கள்

முதல் நாள் மதியம் இறங்கியபோது கடும் வெக்கை. வடக்கிலிருந்து சூடான காற்று அடித்துக்கொண்டிருந்தது. அன்று இரவு உணவுக்குப் பிறகு வழிகாட்டி, பெருவின் வானிலைத் துறையான செனாமி ஃப்ரியாஹே எச்சரிக்கை விட்டிருப்பதாகச் சொன்னார். தென் துருவப் பக்கத்திலிருந்து கிளம்பும் குளிர்காற்று ஆண்டிஸ் மலைத்தொடரின் கிழக்கு ஓரமாகவே வடக்கு நோக்கி நகர்ந்து, தடுக்க மலை எதுவும் இல்லாத சமவெளி வழியாக அமேசானுக்குள் புகுவதுதான் ஃப்ரியாஹே. மே முதல் செப்டம்பர் வரை சில முறை வரும். வந்தால் மூன்று நான்கு நாள் நீடிக்கும். வெப்பநிலை 10 டிகிரி அளவுக்கு இறங்குவது உண்டு. 2010-இல் வந்த கடும் குளிரில் பொலிவியாவின் சாந்தா குரூஸ் பகுதி ஆறுகளில் மீன்கள் கூட்டம் கூட்டமாகச் செத்து மிதந்தன.

வழிகாட்டி இதையெல்லாம் சொன்னபோது அறையில் மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது. வியர்த்துக்கொண்டே கேட்டோம். யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

இரண்டாம் நாள் காலை ஒரு குதிரைலாட ஏரிக்குப் போனோம். ஆறு தன் பாதையை மாற்றிக்கொண்டபோது பின்னால் விட்டுப்போன பழைய வளைவு அது. மிதவைப் படகைத் துடுப்பால் மெல்லச் செலுத்தினார்கள். ராட்சத நீர்நாய்க் குடும்பம் ஒன்று மறுகரையோரம் மீன் பிடித்துத் தின்றுகொண்டிருந்தது. நெருங்கிப் போகச் சொல்லி ஒருவர் கேட்டார். வழிகாட்டி மறுத்துவிட்டார். குட்டிகளோடு இருக்கும் நீர்நாய்கள் தொந்தரவுக்கு உள்ளானால் பால் கொடுப்பதே தடைப்படும், அதனால்தான் இந்த ஏரிகளில் படகு போகும் பகுதி, போகக்கூடாத பகுதி என்று பிரித்திருக்கிறார்கள் என்றார். நீர்நாய்க்காக முடியாது என்று அவ்வளவு உறுதியாகச் சொல்ல முடிந்தவருக்கு, மறுநாள் மனிதர்களுக்காக அதே சொல்லைச் சொல்ல இடம் கிடைக்கவில்லை என்பது என்னை இன்னும் உறுத்துகிறது.

அன்று மதியம் காற்று திசை மாறியது. தெற்கிலிருந்து அடித்தது, மேகம் மூடியது, தூறல் தொடங்கியது. ஒரு மணிக்கு 32 டிகிரி காட்டிய விடுதி வெப்பமானி இரவு எட்டு மணிக்கு 17 காட்டியது. அந்தப் பகுதி விடுதிகள் பலவற்றைப் போல எங்கள் அறைகளிலும் காட்டைப் பார்த்த பக்கம் சுவர் கிடையாது. வெக்கைக்கு அது அருமையான ஏற்பாடு. அன்று இரவு குளிர்காற்று நேராகக் கட்டில் வரை வந்தது. அந்த அம்மா ஒரே போர்வையைச் சுற்றிக்கொண்டு சரியாகத் தூங்கவில்லை என்று மறுநாள் அவர் கணவர் சொன்னார்.

மூன்றாம் நாள் அதிகாலை: போவதா, வேண்டாமா

கொல்பாவுக்கு 5 மணிக்குக் கிளம்புவதாகத் திட்டம். 4 மணிக்கு வெப்பநிலை 12. வழிகாட்டி எல்லோரையும் உணவுக்கூடத்தில் உட்காரவைத்து, கொல்பாவை ஐந்தாம் நாளுக்குத் தள்ளிவைக்கலாம் என்றார். இரண்டு காரணங்கள் சொன்னார். படகில் காற்று முகத்தில் அறையும், நனைந்தால் காயாது. அதோடு மழையும் குளிருமாக இருந்தால் பறவைகளும் அவ்வளவாக வராது.

இரண்டாவது காரணம் சாக்கு அல்ல. தம்போபாத்தாவில் பல ஆண்டுகளாக நடக்கும் மக்காவ் ஆய்வுகளில், மழை நேரங்களில் களிமண் கரைக்கு வரும் கிளிகளின் எண்ணிக்கை குறைவதைப் பதிவு செய்திருக்கிறார்கள்.

மூன்று பேர் உடனே ஒப்புக்கொண்டார்கள். ஐந்து பேர் போக வேண்டும் என்றார்கள். "ஐந்தாம் நாளும் இப்படியே இருந்தால் என்ன செய்வது?" என்று ஒருவர் கேட்டார். நியாயமான கேள்விதான். பயணச் சீட்டில் 'மூன்றாம் நாள் கொல்பா, உறுதி' என்று அச்சடித்திருப்பதை இன்னொருவர் காட்டினார். வழிகாட்டி ரேடியோவில் ஊரில் இருந்த அலுவலகத்தைக் கேட்டார். விருந்தினர்களைக் கேட்டு முடிவு செய்யுங்கள் என்று பதில் வந்தது. முடிவு செய்ய வேண்டியவர்கள் பொறுப்பை இங்கே தள்ளிவிட்டார்கள் என்றே நான் நினைக்கிறேன். அந்த ஆற்றையும் அந்தக் காற்றையும் அறிந்தவர் எங்களில் ஒரே ஒருவர். எட்டுப் பேர் கை தூக்கி எண்ணுவதால் அந்த அறிவு கிடைத்துவிடாது.

போக விரும்பிய ஐந்து பேரில் அந்த அம்மாவும் ஒருவர். குழுவிலேயே பறவைகளை நன்றாகத் தெரிந்தவர் அவர்தான். "இத்தனை தூரம் வந்துட்டு குளிருக்குப் பயந்து படுத்துக்கவா?" என்று கணவரிடம் சொன்னது எனக்குக் கேட்டது.

தூறல் சற்று நின்றிருந்தது. வழிகாட்டி ஒரு நிபந்தனையோடு கிளம்பச் சம்மதித்தார். "மலினோவ்ஸ்கி சாவடியில் நிறுத்துவோம். அங்கே மறுபடி முடிவு எடுப்போம். அந்த முடிவு என்னுடையது, ஓட்டெடுப்பு இல்லை" என்றார். எல்லோரும் தலையாட்டினார்கள். அந்த நாளில் எடுத்த முடிவுகளிலேயே முக்கியமானது இதுதான் என்பது என் எண்ணம். போவதற்கு முன்பே திரும்புவதற்கான இடத்தைக் குறித்துவிட்டார்.

எல்லோருக்கும் மழைக்கான பொன்சோ, அதாவது தலைவழியாகப் போட்டுக்கொள்ளும் மேலங்கி, கொடுத்தார்கள். அதற்கு உள்ளே பெரும்பாலோர் பருத்தி உடையில்தான் இருந்தார்கள். படகுத்துறைக்கு இறங்கும் நீளமான மரப்படிகளில் இலைகளிலிருந்து சொட்டிய நீரில் அந்த அம்மாவின் கழுத்தும் கால்சட்டையும் நனைந்துவிட்டன. நன்றாகப் பார்க்கலாம் என்று முதல் வரிசையில் உட்கார்ந்தார். படகுக்கு மேலே கூரை உண்டு, பக்கங்கள் திறந்தவை. காற்று முதலில் அடிப்பது முதல் வரிசையைத்தான்.

சோதனைச் சாவடியில் கண்டது

முதல் ஒரு மணி நேரம் அவர் பேசிக்கொண்டே வந்தார். நடுங்கினார், நாங்கள் எல்லோருமே நடுங்கினோம். பிறகு பேச்சு குறைந்தது. கரையில் கேப்பிபாரா என்னும் பெரிய கொறிவிலங்குகளின் கூட்டம் ஒன்று ஒட்டிக்கொண்டு நின்றதைக் கணவர் காட்டியபோது அவர் தொலைநோக்கியைத் தூக்கவில்லை. இதை அப்போது யாரும் அறிகுறியாக எடுத்துக்கொள்ளவில்லை. தூக்கக் கலக்கம் என்று நினைத்தோம்.

மலினோவ்ஸ்கி சாவடியில் படகு ஒதுங்கியது. வழிகாட்டி பதிவேட்டுக்குப் பக்கத்திலேயே நின்றுகொண்டார். ஒவ்வொருவரும் பெயர், நாடு, கடவுச்சீட்டு எண் எழுதும்போது விரல்களைப் பார்த்தார். சாவடியில் கையெழுத்து வாங்குவது வெறும் சடங்கு என்றுதான் நான் நினைத்திருந்தேன். அவர் அதைச் சோதனையாகவே பயன்படுத்தினார். அந்த அம்மாவால் பேனாவைப் பிடிக்க முடியவில்லை. இரண்டு எழுத்து எழுதியதும் கோடு வரிக்கு வெளியே போனது. கடவுச்சீட்டு எண்ணை இரண்டு முறை தப்பாகச் சொன்னார். கரைப் படியேறி வந்தபோது கால் தடுமாறியதை உதவியாளரும் சொன்னார்.

விரல் சொன்னபடி கேட்காதது, கால் தடுமாறுவது, பேச்சு குழறுவது, எதிலும் ஆர்வம் இல்லாமல் ஒதுங்குவது. உடல்வெப்பம் குறையும்போது வரும் தொடக்க அடையாளங்கள் இவை. உறைபனி இருந்தால்தான் இது வரும் என்பதில்லை. ஈரமும் காற்றும் வயதும் சேர்ந்தால் 12 டிகிரியே போதும்.

முதலுதவிப் பெட்டியில் பழைய கண்ணாடி வெப்பமானி ஒன்று இருந்தது. அதன் அளவுகோல் 35 டிகிரியில் தொடங்குகிறது. அக்குளில் வைத்துக் காத்திருந்து எடுத்தார்கள். பாதரசம் முதல் கோட்டைத் தொடவில்லை. அக்குள் அளவு எப்போதும் சற்றுக் குறைவாகத்தான் காட்டும் என்றாலும், உண்மையான அளவு எவ்வளவு என்பதைக் கடைசிவரை அறிய முடியவில்லை.

அப்போதுதான் அவர் கணவர், மனைவிக்குத் தைராய்டு சுரப்பு குறைவு என்றும் தினமும் மாத்திரை போடுகிறார் என்றும் சொன்னார். தைராய்டு குறைவாக உள்ளவர்களுக்கு உடல் வெப்பத்தைத் தக்கவைப்பது கடினம். பதிவு செய்தபோதே மருத்துவப் படிவத்தில் இதை எழுதிக் கொடுத்திருந்தார்கள். அந்தப் படிவம் ஊரில் அலுவலகக் கோப்பில் இருந்தது. வழிகாட்டியின் கைக்கு வரவே இல்லை.

அங்கேயே தங்கியது ஏன்

மூன்று வழிகள் இருந்தன. கொல்பாவுக்கு மேலே போவதை யாரும் இப்போது பேசவில்லை. உடனே விடுதிக்குத் திரும்பலாம் என்று பலர் சொன்னார்கள். கணவரும் அதைத்தான் கெஞ்சிக் கேட்டார். விடுதியில் கட்டில் இருக்கிறது, வெந்நீர் இருக்கிறது. வழிகாட்டி அதற்கும் சம்மதிக்கவில்லை. திரும்பினால் மறுபடி அதே காற்றில், அதே ஈர உடையில் நெடுநேரம் உட்கார வேண்டும். ஏற்கெனவே இறங்கிவிட்ட வெப்பம் இன்னும் இறங்கும், நடு ஆற்றில் மோசமானால் ஒன்றும் செய்ய முடியாது. சாவடியில் சுவரும் அடுப்பும் உலர்ந்த துணியும் இருந்தன. முதலில் உடம்பு சூடாகட்டும், பிறகு படகு என்றார்.

பயத்தில் இருக்கும் ஒரு குடும்பத்தின் முன்னால் நின்று இப்படிச் சொல்வது லேசான காரியம் இல்லை. அந்த முடிவு சரியானது. எதற்காகச் சரி என்றும் அவர் அப்போதே விளக்கினார்.

காப்பகக் காவலர்கள் தங்கள் அறையைக் கொடுத்தார்கள். பெண் பயணிகள் இருவர் உள்ளே போய் ஈர உடைகளைக் கழற்றி, காவலர்களின் உலர்ந்த சட்டையும் கம்பளி உடையும் போட்டுவிட்டார்கள். கீழே மெத்தை, மேலே போர்வைகள், தலைக்குத் துண்டு. இருவர் இரண்டு பக்கமும் ஒட்டி உட்கார்ந்தார்கள். கை கால்களைத் தேய்க்கப் போன கணவரை வழிகாட்டி தடுத்தார். கை கால்களில் இருக்கும் குளிர்ந்த ரத்தம் திடீரென உள்ளே போனால் இதயத்துக்குக் கெடுதல். பயணிகளில் ஒருவர் கொஞ்சம் மதுவை நீட்டினார், அதையும் மறுத்தார். மது சூடாக இருப்பது போல உணரவைக்கும், ஆனால் தோலின் நாளங்களை விரித்து உள்வெப்பத்தை வெளியே விட்டுவிடும். அவர் விழிப்போடு இருக்கிறார், விழுங்க முடிகிறது என்று உறுதி செய்துகொண்ட பிறகு, சர்க்கரை நிறையப் போட்ட வெந்நீரைச் சிறிது சிறிதாகக் கொடுத்தார்கள். காவலர்களின் ரேடியோ வழியாக ஊரில் ஒரு மருத்துவரோடும் பேசினார்கள். மயக்கமோ குழப்பமோ கூடினால் உடனே ஊருக்குக் கொண்டுவரச் சொன்னார்.

நடுக்கம் முக்கால் மணி நேரம் போலக் கடுமையாக இருந்து, பிறகு தணிந்தது. நடுக்கம் நிற்பது நல்லதாகவும் இருக்கலாம், கெட்டதாகவும் இருக்கலாம். அதனால் வழிகாட்டி ஒவ்வொரு சில நிமிடத்துக்கும் அவரைப் பேசவைத்துக்கொண்டே இருந்தார். "சென்யோரா, நேற்று ஏரியில் எத்தனை பறவை பார்த்தீர்கள்?" என்று கேட்டார். அம்மா ஹோட்ஸின், கொம்புக் கத்தும்பறவை என்று வரிசையாகச் சொல்லத் தொடங்கியபோது கணவர் வெளியே போய்த் திண்ணையில் உட்கார்ந்து அழுதார்.

பிறகு நடந்தவை

பதினொரு மணிக்கு மேல் தூறல் விட்டதும் கிளம்பினோம். அவரைப் படகின் நடுவில் உட்காரவைத்து, இரு பக்கமும் தார்ப்பாய் கட்டினார்கள். மோட்டாரைக் குறைவான வேகத்தில் ஓட்டினார்கள். விடுதிக்கு வந்தபோது சோர்வு மட்டும்தான் இருந்தது. விடுதிக்காரர்கள் பணியாளர் கட்டடத்தில் நான்கு சுவர் உள்ள அறை ஒன்றை ஒழித்துக் கொடுத்தார்கள்.

நான்காம் நாள் குளிர் தொடர்ந்தது. விடுதியைச் சுற்றிக் காட்டுப்பாதையில் மட்டும் நடந்தோம். கொசுவே இல்லை. பூச்சிகளின் இரைச்சல் அடங்கியிருந்தது. டீட்டீ குரங்குகள் வாலைப் பின்னிக்கொண்டு கிளையில் ஒட்டி உட்கார்ந்திருந்தன.

ஐந்தாம் நாள் வானம் வெளுத்தது. இம்முறை விடிந்த பிறகு, ஆறரை மணிக்குக் கிளம்பினோம். அந்த அம்மாவும் வந்தார். காற்று இல்லை, உடை உலர்ந்திருக்கிறது, கம்பளி இருக்கிறது, இருக்கை நடுவில் என்ற நான்கையும் பார்த்த பிறகே வழிகாட்டி ஒப்புக்கொண்டார். தாமதமாகப் போனதால் விடியலில் வரும் சிறு கிளிகளைத் தவறவிட்டோம். பெரிய மக்காவ்கள் வெயில் ஏறிய பிறகு வந்தன. நீலமும் மஞ்சளும், செங்கருஞ்சிவப்பு, சிவப்பும் பச்சையும் என மூன்று வகையும் வந்தன. முதலில் சுற்றுமரங்களில் உட்கார்ந்து வெகுநேரம் பார்த்தன. ஒன்று இறங்கியதும் மற்றவை இறங்கின. மண்ணைக் கொத்திக் காலில் பிடித்துத் தின்பது தொலைநோக்கியில் தெளிவாகத் தெரிந்தது.

பயணிகள் இருவர் மூன்றாம் நாளுக்குப் பணத்தைத் திருப்பிக் கேட்டார்கள். நிறுவனம் மறுத்தது.

மாற வேண்டியவை

முதலில் பொருள் பட்டியல். மே முதல் செப்டம்பர் வரை தெற்கு அமேசானுக்கு வருகிறவர்கள் ஒரு ஸ்வெட்டர், காற்றுப் புகாத மேல்சட்டை, தொப்பி, எளிதில் காயும் உள்ளாடை ஒரு செட் கொண்டுவர வேண்டும். எல்லாம் சேர்த்து இரண்டு கிலோ தேறாது. சுமைக் கட்டுப்பாட்டைச் சொல்லும்போதே இதையும் சொல்லியிருந்தால் குஸ்கோ ஓட்டலில் கம்பளிகள் தங்கியிருக்காது.

மருத்துவப் படிவத்தின் ஒரு நகல், பயணியின் சம்மதத்தோடு, வழிகாட்டியின் பையில் இருக்க வேண்டும். அது சேருமா என்று பயணிகளும் கேட்க வேண்டும். அல்லது முதல் நாளே வழிகாட்டியிடம் தனியாகச் சொல்லிவிட வேண்டும். தைராய்டு, சர்க்கரை, இதய மாத்திரை என்று எதையும் மறைக்க வேண்டிய காரணம் இல்லை.

படகில் உலர்ந்த போர்வைகளும் நீர் புகாத பையில் ஒரு மாற்றுடையும் இருக்க வேண்டும். 35-க்குக் கீழேயும் அளக்கும் வெப்பமானி வேண்டும். அது காவலர்கள் இல்லாத இடமாக இருந்திருந்தால் எங்களிடம் உலர்ந்த துணி ஒன்றுகூட இருந்திருக்காது.

எனக்கு மிக முக்கியமாகப் படுவது, யார் முடிவு செய்வது என்பது. பதிவு செய்யும்போதே, வானிலை காரணமாக எந்த நாளின் திட்டத்தையும் வழிகாட்டி மாற்றலாம், அதில் வாக்கெடுப்பு இல்லை, அலுவலகமும் அதை மாற்றாது என்று எழுதி வாங்க வேண்டும். 'கொல்பா உறுதி' என்று குறிப்பிட்ட நாளுக்கு அச்சடிப்பதை நிறுத்த வேண்டும். பயணத்தின் நாட்களுக்குள் ஏதாவது ஒரு காலை என்று சொன்னால் போதும். மழைநாளில் போய்ப் பறவையில்லாத கரையைப் பார்த்துவிட்டு வருவதைவிட அது பயணிகளுக்கும் லாபம். அவ்வளவு தூரம் போகும் ஒருவர் ஆசையை விட்டுக்கொடுப்பது கடினம், அந்த அம்மாவின் ஆசையில் தவறே இல்லை. அந்த ஆசையும் அச்சடித்த உறுதிமொழியும் சேர்ந்து வழிகாட்டியின் கையைக் கட்டிப்போடாமல் பார்த்துக்கொள்வது நிறுவனத்தின் வேலை.

ஊர் திரும்பியதும் நாங்கள் ஐந்து பேரும் சேர்ந்து இவற்றை நிறுவனத்துக்கு எழுதினோம். போர்வைகளும் புது வெப்பமானியும் படகில் வைத்தாயிற்று என்று வழிகாட்டி தகவல் அனுப்பினார். பொருள் பட்டியலை மாற்றுவதாக நிறுவனம் பதில் எழுதியது. மருத்துவப் படிவம் பற்றியும் வழிகாட்டியின் அதிகாரம் பற்றியும் கேட்டதற்கு இன்னும் பதில் வரவில்லை. மறுபடியும் எழுதியிருக்கிறோம்.